குதிகால் நொறுங்கினால் கெடு இரண்டே வாரம்!

சின்னத் துளை வழியே ஆபரேஷன்: சீக்கிரம் வந்தால் கால் பிழைக்கும், எண்ணெய்க் கட்டில் நாளைக் கடத்தினால் பிழைப்பே போகும்

சென்னையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு கட்டடம் எழும்பிக் கொண்டிருக்கிறது. சவுக்குக் கட்டையில் சாரம் கட்டி, அதன்மேல் கொத்தனார், சித்தாள், பெயிண்டர் நின்று வேலை செய்கிறார்கள்.

கட்டை உருளும். கயிறு அறும். ஆள் கீழே விழுவார்.

தலையில் அடிபட்டால் பத்திரிகையில் செய்தி வரும். நின்ற வாக்கில் கால் ஊன்றி விழுந்தால் செய்தி வராது. "தப்பிச்சிட்டான்யா, கால்லதான் அடி" என்று சுற்றி நிற்பவர்களும் ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால், ஆபத்து அந்தக் காலில்தான் இருக்கிறது. பத்தடி உயரத்தில் இருந்து காலை ஊன்றி விழுந்தால், மொத்த உடம்பும் குதிகால் எலும்பின் மேல்தான் இறங்கும். எலும்பு நொறுங்கும். உயிர் போகாது. ஆனால் பிழைப்பு போகும்!

1916-ம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர டாக்டர் காட்டனும், அவருடைய சகா ஹெண்டர்சனும், குதிகால் உடைந்த தொழிலாளியின் வேலை வாழ்க்கை அதோடு முடிந்தது என்றே எழுதி வைத்தார்கள். அந்தக் காலத்தில் நிலைமை அப்படித்தான் இருந்தது.

இன்று அப்படி இல்லை. சட்டைப் பொத்தான் அளவுத் துளை போட்டு, அதன் வழியாகவே உடைந்த எலும்பைத் தூக்கி நிறுத்தி, ஸ்குரு போட்டுப் பிடிக்கிறார்கள். ஆனால், அதற்கு ஒரு கெடு உண்டு. சுமார் இரண்டு வாரம். அதைக் கோட்டை விட்டால் சின்னத் துளைக்கு வழி இல்லை.

முட்டை ஓடு மாதிரி எலும்பு

பாதத்தின் பின்பகுதியில் இருக்கும் எலும்புகளில் குதிகால் எலும்புதான் பெரியது. வெளியே மெல்லிய ஓடு. உள்ளே பஞ்சு மாதிரி எலும்பு. கிட்டத்தட்ட முட்டை மாதிரிதான்.

அதற்கு மேலே இன்னொரு எலும்பு உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மூட்டு. மேடு பள்ளத்தில் நடக்கும்போது பாதம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து கொடுப்பது இந்த மூட்டால்தான். ஏணியில் ஏறுகிறவருக்கும், ஜல்லியில் நடக்கிறவருக்கும் அது இல்லாமல் முடியாது.

உயரத்தில் இருந்து விழும்போது, மேலே இருக்கும் எலும்பு ஆப்பு மாதிரி கீழே இறங்குகிறது. விறகு பிளப்பது போலக் குதிகால் பிளக்கிறது. மூட்டு உள்ளே அமுங்குகிறது. எலும்பின் உயரம் குறைகிறது, அகலம் கூடுகிறது.

அப்படியே கூடிவிட்டால் என்ன ஆகும்? குதிகால் சப்பையாகிவிடும். செருப்பு சேராது. வெளிப்பக்கத்துத் தசைநார் எலும்பில் உரசி வலிக்கும். சமதளத்தில் சமாளிக்கலாம், மணலிலும் ஜல்லியிலும் கால் வைக்க முடியாது. கொத்தனார் சாரம் ஏற முடியாது. மூட்டை தூக்குகிறவர் மூட்டை தூக்க முடியாது.

காதலன் முறிவு!

இந்த எலும்பு முறிவுக்கு ஆங்கில டாக்டர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் "காதலன் முறிவு"!

காரணம் சுவையானது. திருட்டுத்தனமாகக் காதலியைப் பார்க்க வந்தவன், வீட்டுக்காரர் கதவைத் தட்டியதும் மாடியில் இருந்து குதித்து ஓடுவானாம். குதித்த இடத்தில் குதிகால் போய்விடுமாம்.

காம்பவுண்டு சுவர் ஏறிக் குதிக்கும் திருடனுக்கும் இதே கதிதான்.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு இந்தக் காயத்தோடு வருகிறவர்களில் காதலர்களும் திருடர்களும் எத்தனை பேர்? ஏணியில் இருந்து விழுந்த எலெக்ட்ரீஷியன், தென்னை மரத்தில் இருந்து விழுந்தவர், பேனர் கட்டப் போனவர், சாரம் சரிந்த கொத்தனார் என்று வேலைக்குப் போன இடத்தில் விழுந்தவர்கள்தான் அதிகம். கார் மோதும்போது பிரேக்கை மிதித்தபடி இருந்த டிரைவருக்கும் இது வரும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. குதிகால் உடைந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும். விழுந்த வேகம் கால் வழியே ஏறி இடுப்புக்கு மேலே போய் அடிக்கிறது. சிலருக்கு இரண்டு குதிகாலும் ஒரே நேரத்தில் போயிருக்கும். கால் வலியில் முதுகு வலி மறந்துவிடும். ஆகவே, காலைக் காட்ட வந்தவர் முதுகையும் காட்டியே ஆக வேண்டும்.

சுத்தியலால் அடித்தார்கள்

அந்தக் காலத்து வைத்தியத்தைக் கேட்டால் குலை நடுங்கும்.

பாஸ்டன் டாக்டர் காட்டன் 1908-ல் எழுதிய முறை இது. குதிகாலின் ஒரு பக்கம் மணல் மூட்டையை வைப்பார். மறுபக்கம் கனத்த துணியை வைப்பார். சுத்தியலால் ஒரு போடு! அகலமான எலும்பு பழையபடி ஒடுங்கவேண்டும் என்பது கணக்கு.

1925-ல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில், தொழிலாளர் விபத்து இன்சூரன்ஸ் நிறுவனத்தின் ஆதரவில் ஒரு விபத்து ஆஸ்பத்திரி தொடங்கியது. அதன் தலைமை டாக்டர் லோரென்ஸ் பூலர். எக்ஸ்ரே படத்தில் குதிகாலின் மேல் இரண்டு கோடு கிழித்தால் கிடைக்கும் கோணத்தை 1931-ல் அவர் விளக்கி எழுதினார். நல்ல காலில் அது 20 முதல் 40 டிகிரி. எலும்பு அமுங்க அமுங்கக் கோணம் குறையும். மோசமாக நொறுங்கினால் பூஜ்யத்துக்கும் கீழே போகும்.

இன்றைக்கும் குதிகால் எக்ஸ்ரே வந்தால் எலும்பு டாக்டர்கள் முதலில் பார்ப்பது "பூலர் கோணம்" எவ்வளவு என்றுதான்.

அடுத்து வந்தவர் இங்கிலாந்து டாக்டர் பீட்டர் எசெக்ஸ்-லோப்ரெஸ்டி. இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படைக்கு வைத்தியம் பார்த்தவர். வானத்தில் இருந்து குதிக்கிறவர்களின் கால் என்ன பாடுபடும் என்பதை நேரில் கண்டவர்.

குதிகால் பின்பக்கம் சின்னத் துளை. அதன் வழியே ஒரு கம்பி. அந்தக் கம்பியை நெம்பி, அமுங்கிய துண்டை மேலே தூக்கி நிறுத்துவது. இந்த முறையை அவர் பரப்பினார். அவர் 1951-ல் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். குதிகால் முறிவு பற்றிய அவருடைய பெரிய கட்டுரை 1952-ல்தான் அச்சில் வந்தது.

சின்னத் துளை வைத்தியம் நேற்று முளைத்தது அல்ல. ஆனால் அன்று உள்ளே என்ன நடக்கிறது என்று தெளிவாகப் பார்க்க வழி இல்லை. கை உணர்ச்சியும் எக்ஸ்ரே படமும்தான் துணை.

பெரிய வெட்டு, பெரிய தொல்லை

பிறகு டாக்டர்கள் வேறு வழிக்குப் போனார்கள். குதிகாலின் வெளிப்பக்கத்தில் 'எல்' எழுத்து மாதிரி பெரிதாக வெட்டி, தோலைத் தூக்கி, எலும்பைக் கண்ணால் பார்த்துச் சேர்த்துத் தகடு வைத்தார்கள்.

எலும்பு அழகாகச் சேர்ந்தது. தோல்தான் காலை வாரியது!

அந்த இடத்தில் எலும்புக்கு மேலே சதை கிடையாது. மெல்லிய தோல் மட்டும்தான். ரத்த ஓட்டமும் குறைவு. 'எல்' எழுத்தின் மூலையில் தோல் கறுத்துப் போகும். தையல் பிரியும். சீழ் வைக்கும். தகடு வெளியே தெரியும். சிலருக்கு வேறு இடத்துச் சதையை எடுத்து ஒட்ட வேண்டி வரும்.

சர்க்கரை வியாதி இருந்தால் ஆபத்து கூடும். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கும் கூடும். புகை ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும், புண் ஆறாது.

போதாக்குறைக்கு, வீக்கத்தோடு இந்த வெட்டைப் போட முடியாது. வீக்கம் வடிந்து, தோலில் சுருக்கம் விழும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று கட்டிலில் கிடக்க வேண்டும்.

2014-ல் வெளியான இங்கிலாந்து ஆராய்ச்சி ஒன்று டாக்டர்களை யோசிக்க வைத்தது. 22 ஆஸ்பத்திரிகள். 151 நோயாளிகள். பாதிப் பேருக்குப் பெரிய வெட்டு ஆபரேஷன். பாதிப் பேருக்குக் கத்தி வைக்காத சிகிச்சை. இரண்டு வருஷம் கழித்து வலியையும் நடையையும் பார்த்தால் இரு தரப்பும் ஒன்றுதான்! ஆனால் புண் முதலிய சிக்கல்கள், மறு ஆபரேஷன் எல்லாம் சேர்த்து, கத்தி வைத்தவர்களில் 23 சதவீதம்; வைக்காதவர்களில் 4 சதவீதம்.

அப்படியானால் ஆபரேஷனே வேண்டாமா? அவசரப்பட வேண்டாம். எலும்பு மிக மோசமாக உருக்குலைந்தவர்களை அந்த ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை. கனடாவில் 424 பேரை வைத்து நடந்து, 2002-ல் வெளியான ஆராய்ச்சியிலும் மொத்தக் கணக்கில் இரு தரப்பும் ஒன்றாகவே வந்தது. ஆனால் பிரித்துப் பார்த்தபோது, பெண்கள், இளம் வயதினர் போன்ற சிலருக்கு ஆபரேஷன் கைகொடுத்தது தெரிந்தது.

ஆக, வெட்டைச் சின்னதாக்கினால் தோலும் பிழைக்கும், எலும்பும் சேரும் அல்லவா? டாக்டர்களின் பார்வை பழைய சின்னத் துளையின் பக்கம் திரும்பியது இப்படித்தான்.

துளை வழியே என்ன நடக்கிறது?

இப்போது உள்ளே பார்க்க இரண்டு கண் கிடைத்திருக்கிறது.

ஒன்று, சி.டி. ஸ்கேன். 1971-ல் லண்டனில் முதன்முதலாக மனிதத் தலையைப் படம் எடுத்த கருவி. குதிகாலையும் ரொட்டித் துண்டு போல அடுக்கடுக்காகக் காட்டும். மூட்டு இரண்டு துண்டா, மூன்றா, நாலா என்று எண்ணிவிடலாம். அமெரிக்க டாக்டர் சாண்டர்ஸ் 1993-ல் இந்தக் கணக்கை வைத்துத்தான் முறிவை வகை பிரித்தார்.

இன்னொன்று, சி-ஆர்ம். ஆபரேஷன் மேஜைக்குப் பக்கத்திலேயே நிற்கும் எக்ஸ்ரே மெஷின். உள்ளே கம்பி எங்கே போகிறது என்பதை டி.வி. மாதிரி திரையில் காட்டும்.

நோயாளியை ஒருக்களித்தோ குப்புறவோ படுக்க வைக்கிறார்கள். குதிகாலில் கம்பி செருகி, சுருங்கிய எலும்பை இழுக்கிறார்கள். பிறகு சின்னத் துளை வழியே இன்னொரு கம்பியை விட்டு, அமுங்கிய மூட்டை அடியில் இருந்து தூக்குகிறார்கள். லாரிக்கு ஜாக்கி போடுகிற மாதிரிதான். பக்கவாட்டில் பிதுங்கியதை அமுக்கி ஒடுக்குகிறார்கள். திரையில் சரி பார்த்து ஸ்குருக்களை முடுக்குகிறார்கள். ஒன்றிரண்டு தையலில் வேலை முடிகிறது.

துண்டு கூடுதலாக இருந்து, மூட்டைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. வெளிக் கணுக்காலுக்குக் கீழே, சற்று முன்னால், 2 முதல் 4 சென்டிமீட்டர் வெட்டு. அது மூட்டின் வாசலிலேயே திறக்கிறது. பழைய 'எல்' வெட்டோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. இந்தச் சின்ன முறைகளில் புண் தொல்லை வெகுவாகக் குறைகிறது.

கெடு ஏன்?

உடைந்த எலும்பு சும்மா இருப்பதில்லை. முதல் நாளில் இருந்தே ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது. கோணலாக இருந்தாலும் கோணலாகவே ஒட்டும்.

முதல் சில நாளில் துண்டுகள் லூசாக இருக்கும். கம்பியால் நெம்பினால் எழும். ஒரு வாரம், பத்து நாள் ஆனால் பிசின் போலப் பிடித்துக்கொள்ளும். இரண்டு வாரம் தாண்டினால் துளை வழியே அசைப்பது கஷ்டம். மூன்று வாரம் தாண்டினால் பிரித்து எடுப்பதே பெரும்பாடு. அதற்குப் பிறகு வருகிறவருக்குக் கோணலாகக் கூடிய எலும்போடு வாழ்க்கை. வலி தாங்காவிட்டால் பின்னால் மூட்டையே ஒட்ட வைக்கும் ஆபரேஷன்.

நம் ஊரில் அந்த இரண்டு வாரம் எப்படிப் போகிறது?

"சுளுக்குதான் அண்ணே, ஒரு கட்டு போட்டா சரியாயிடும்" என்று யாராவது சொல்வார்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவார்கள். மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். வீங்கிய காலில் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்படும்; தோல் கொப்புளம் போடும். கொப்புளம் போட்ட இடத்தில் கத்தி வைக்க முடியாது. மூன்றாவது கட்டும் பிரித்த பிறகு, நடக்க முடியவில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். கெடு முடிந்திருக்கும்.

சிலருக்கு அந்த இரண்டு வாரமும் கிடையாது. குதிகாலின் பின்துண்டு கிளம்பி, தோலை உள்ளிருந்து குத்திக்கொண்டு நிற்கும். குதிகாலுக்குப் பின்னால் தோல் வெளுத்தோ கறுத்தோ இருந்தால் அது மணிக்கணக்கு விவகாரம். அன்றைக்கே பார்க்காவிட்டால் தோல் செத்துவிடும்.

எல்லோருக்கும் உண்டா?

இல்லை. எலும்பு விலகாமல் கீறல் மட்டும் விழுந்திருந்தால் கத்தியே வேண்டாம். ஓய்வும் பயிற்சியும் போதும்.

இரண்டு துண்டு, மூன்று துண்டு என்றால் சின்ன வெட்டு நன்றாகக் கைகொடுக்கும். மூட்டு நாலு துண்டுக்கு மேல் தூளாகியிருந்தால், எந்த ஆபரேஷனும் பழைய மூட்டைத் திருப்பித் தராது.

துளை சின்னது என்பதால் ஆபரேஷன் சின்னது என்று நினைக்கக் கூடாது. கைதேர்ந்த டாக்டர் வேண்டும். பக்கத்தில் நரம்பு ஓடுகிறது. ஸ்குரு மூட்டுக்குள் போய்விடக் கூடாது. "எனக்கு எந்த வகை முறிவு? ஆபரேஷன் இல்லாமல் விட்டால் என்ன ஆகும்?" என்ற இரண்டு கேள்வியையும் நோயாளி கேட்டே ஆக வேண்டும். கேட்பது உரிமை.

"வீட்டில் விழுந்தேன்னு சொல்லு!"

குதிகாலோடு இன்னொன்றும் நொறுங்குவது உண்டு. அது நஷ்டஈடு!

வேலையில் இருக்கும்போது அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்பது 1923-ம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்ட உரிமை. சட்டத்தின் பெயர் மாறினாலும் அந்த உரிமை போகவில்லை. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு விபத்து ஊனத்துக்கு உதவித்தொகையும் உண்டு.

ஆனால் விழுந்தவரை ஆட்டோவில் ஏற்றும்போதே காதோடு ஒரு பேச்சு வரும். "தம்பி, போலீஸ் கேஸ் ஆயிடும். வீட்டு மாடிப்படியில வழுக்கிட்டேன்னு சொல்லிடு. செலவை நாம பாத்துக்கலாம்."

இரண்டு நாள் செலவு வரும். பிறகு போன் எடுக்க மாட்டார்கள்.

அரசு ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் முதலில் என்ன சொல்கிறோமோ அதுதான் எழுதப்படும். 'ஏ.ஆர். காப்பி' என்பது அதுதான். பின்னால் நஷ்டஈடு கேட்கும்போது முதலில் புரட்டப்படுவதும் அந்தத் தாள்தான். எங்கே விழுந்தார், எத்தனை அடி உயரம், என்ன வேலை என்ற உண்மையைச் சொல்லிப் பதிய வேண்டும்.

விழுந்தால் என்ன செய்வது?

காலை ஊன்றவே கூடாது. "நடந்து பார்" என்று யாரும் சொல்லக் கூடாது.

முதுகு வலிக்கிறது என்றால் தூக்கி உட்கார வைக்காமல், படுத்த வாக்கிலேயே கொண்டுபோக வேண்டும். 108-ஐக் கூப்பிடலாம்.

காலுக்கு அடியில் தலையணை வைத்து உயர்த்த வேண்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைக்கலாம். எண்ணெய் தேய்க்கவோ, உருவவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது.

ஒன்றிரண்டு நாளில் உள்ளங்காலில் கறுநீலமாக ரத்தக்கட்டு தெரிந்தால் அது வெறும் சுளுக்கு அல்ல. குதிகால் உடைந்ததற்கு அது பேர்போன அடையாளம்.

பாதம் கல் மாதிரி இறுகி, மாத்திரைக்கும் அடங்காத வலி வந்தால் டூட்டி டாக்டரை உடனே கூப்பிட வேண்டும்.

சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரிகளில் ராத்திரி பகல் என்று பாராமல் விபத்துப் பிரிவு இயங்குகிறது. எலும்பு வார்டும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோக வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த பிறகு...

துளை சின்னது என்பதற்காக மறுநாளே நடந்துவிட முடியாது. எலும்பு கூடுவதற்கு அதே நாள்தான் ஆகும். முறிவைப் பொறுத்து 6 முதல் 12 வாரம் காலை ஊன்றக் கூடாது. கக்கத்துக் கட்டையோ வாக்கரோ வேண்டும். ஆனால் படுத்த இடத்திலேயே பாதத்தை ஆட்டும் பயிற்சியை டாக்டர் சொன்ன நாளில் தொடங்கிவிட வேண்டும். பீடியை நிறுத்த வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

பாதம் பழையபடி முழுக்கச் சாய்ந்து கொடுக்குமா? பலருக்குக் கொஞ்சம் விறைப்பு மிஞ்சும். முன்னேற்றம் ஒரு வருஷம், இரண்டு வருஷம் வரைகூடத் தொடரும். ஆனால் செருப்பு சேரும். கால் தரையில் படியும். பெரும்பாலானவர்கள் ஏதாவது ஒரு வேலைக்குத் திரும்பலாம்.

தினக்கூலிக்காரருக்கு மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் இருப்பது சாதாரண விஷயம் அல்ல. அதற்குப் பயந்துதான் பலர் ஆஸ்பத்திரிப் படி ஏறுவதில்லை. ஆனால் அந்த மூன்று மாதத்துக்குப் பயந்து முதல் இரண்டு வாரத்தைத் தொலைத்தவர், ஆயுசு முழுக்க அரைச் சம்பளத்தில் விந்தி விந்தி நடக்க வேண்டியிருக்கும்.